கிழக்குக் கொல்லையின் முப்பரிமாணப் படம்

விழுப்புரத்தில் நான் புள்ளியியல் நடத்தும் கல்லூரியில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. முப்பரிமாண வரைபடத்தோடு யார் வந்தாலும் கடித்துக் குதறிவிடுவேன் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. மென்பொருள் தானாகப் பூசிக் கொடுக்கும் வானவில் நிறங்களை அப்படியே விட்டுவிட்டு, அச்சுகளுக்குப் பெயர்கூட வைக்காமல், மேடும் மடுவுமாக ஒரு படத்தை நீட்டினால் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிடும். இது வரைபடமா, தேர் அலங்காரமா என்று கேட்டு ஒரு பையனை அழவே வைத்திருக்கிறேன். பிறகு கேன்டீனில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் தட்டையான காகிதத்தில் காட்டுவதென்றால் எதையாவது மறைத்துத்தான் ஆக வேண்டும். படத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது, மேடு பள்ளத்தை எத்தனை மடங்கு பெரிதாக்குவது, கரடுமுரடை எவ்வளவு மழுக்குவது, எதற்கு எந்த நிறம் என்று அத்தனையும் வரைகிறவர் கையில்தான் இருக்கிறது. அவர் சும்மா இருந்துவிட்டால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துகொள்ளும். எல்லாவற்றையும் ஒரு சதுரப் பெட்டிக்குள் அடைத்து, அரையடி மேட்டையும் ஆறாயிரம் அடி மலையையும் ஒரே உயரத்தில் நிறுத்திக் காட்டும். இதை வருடம் தவறாமல் முதல் வாரத்திலேயே பலகையில் எழுதிப் போடுகிறேன்.

இவ்வளவு தெரிந்த நானே என் ஆயுளில் மிக மோசமான முப்பரிமாணப் படம் ஒன்றை வரைந்தேன். அதைக் கொண்டுபோய்க் காட்டியது என் அண்ணனிடம்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையை ஒட்டி, பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்கள் ஊர். அங்கே எங்களுக்கு நாலு ஏக்கர் கொல்லை. நான் படித்து, வேலை கிடைத்து, விழுப்புரத்திலேயே தங்கிவிட்டேன். அவர் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும் கேப்பையும் போட்டுக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடமிருந்து போன் வரும். பஸ் ஏறியாச்சா, கூட்டேரிப்பட்டு தாண்டியாச்சா என்று இரண்டு தடவை கேட்பார். நான் திண்டிவனத்தில் இறங்கும்போது சரியாக வண்டியோடு நிற்பார்.

எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆன வருடம், கோடை முழுக்கப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்திருந்தவரும் அவர்தான். தம்பிக்குக் கேப்பைக் கூழ் கொடுக்கலாமா என்று தினமும் கேட்டு, தினமும் நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஊரில் என்ன வேலை கிடக்கிறது என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

கொல்லை அப்பா காலத்திலிருந்து கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது. சொட்டுநீர்க் குழாய் போட எழுதிக் கொடுப்பதற்கு அண்ணன் போனபோது, பட்டா தனியாக இருந்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். சரி, பிரித்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. எங்கள் வீடுகளில் பாகம் பிரித்தால் அண்ணன் கோடு போடுவார், தம்பி முதலில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வான். ஏமாற்ற வழியே இல்லாத ஏற்பாடு அது. ஆனால் அண்ணன் கோட்டையும் அவரே போட்டு, எடுத்தும் கொடுத்துவிட்டார். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி தனக்கு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டு, மோர் ஊற்றிக்கொண்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழக்குப் பாதியை நாங்கள் சின்ன வயதில் பள்ளக் கொல்லை என்றுதான் சொல்வோம். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி நிற்கும். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் காயெல்லாம் அழுகிக் கையோடு வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து குடத்தால் தண்ணீர் இறைத்த ஞாபகம் எனக்கு நன்றாக இருக்கிறது. வேலைக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் வீட்டோடு சரி, அந்தப் பக்கம் நான் கால் வைத்ததில்லை. அதை ஏன் எனக்குத் தள்ளுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் புருவத்தை உயர்த்தினாள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. ஏன் அண்ணா, எனக்குக் கிழக்கு என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சொட்டுநீர்க் குழாய்க்கு நிலத்தின் மேடு பள்ளம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு காரணமும் கைவசம் இருந்தது. அண்ணனிடம் அதைத்தான் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார், தம்பி கொல்லை விஷயத்தில் அக்கறை காட்டுகிறானே என்று.

பாலிடெக்னிக்கில் வேலை செய்யும் நண்பரிடம் மூன்று கால் லெவல் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அறுவடை முடிந்து உழுது போட்டிருந்த கொல்லை. நான் மெஷின் வழியாகப் பார்த்து எழுதிக்கொள்ள, அண்ணன் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு பத்து நடைக்கு ஒரு இடமாக நின்றார். கிழக்கு மேற்காக இருபது வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் பத்து இடம், ஆக இருநூறு இடம். கோலை நேராகப் பிடி என்று நான் கத்துவேன். நேராகத்தான் பிடித்திருக்கிறேன், உன் மெஷின்தான் சாய்ந்திருக்கிறது என்று அவர் கத்துவார். நடுவில் போன் வந்தால் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார். நானும் பொறுமையில்லாமல் திட்டினேன். அந்த ஒரு நாள் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் போலச் சண்டை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.

கிழக்குப் பாதியில் நடந்தபோது என் காலில் ஒட்டிய மண் கறுப்பாக இருந்தது. எங்களுடையது செம்மண். ஈரமாக இருக்கும், அதனால் கறுத்துத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு பம்புசெட்டில் காலைக் கழுவிக்கொண்டேன். அண்ணன் என் காலைப் பார்த்தார், என்னவோ சொல்ல வந்தவர் போல இருந்தார், பிறகு கோலைக் கழுவப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கல்லூரியில் வகுப்பு இல்லாத நேரத்தில் உட்கார்ந்து அளவுகளை ஏற்றிப் படம் வரைந்தேன். முதலில் வந்த படம் பன்றி கிளறிய நிலம் மாதிரி இருந்தது. கிழக்குப் பாதியில் புள்ளிகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. உழுத மண், கோல் புதைந்திருக்கும், அண்ணனும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை, ஆகவே இதெல்லாம் அளவுப் பிழை என்று முடிவு கட்டினேன். மழுக்கும் அளவைக் கூட்டினேன். கூட்டக் கூட்டப் படம் வழவழப்பானது. உயரத்துக்கு மென்பொருள் கொடுத்த அளவை நான் தொடவில்லை. மேட்டுக்குச் சிவப்பு, பள்ளத்துக்கு நீலம் என்று அதுவே பூசிய நிறத்தையும் தொடவில்லை.

இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. மாணவன் செய்தால் கிழித்துப் போடுவேன். ஆனால் திரையில் தெரிந்த பள்ளம் என் மனதில் இருந்த பள்ளத்தைப் போலவே இருந்தது. மேற்கே சிவப்பாக ஒரு குன்று, கிழக்கே கருநீலமாக ஒரு கிணறு. பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பெரிய தாளில் கலர் பிரிண்ட் எடுத்துச் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வீட்டுக் கூடத்தில் அதை விரித்தேன். அண்ணி கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். மலை எந்தப் பக்கம் என்பதுதான் அவர் முதல் கேள்வி. மென்பொருள் தன் போக்கில் தென்மேற்கு மூலையிலிருந்து காட்டியிருந்தது. அவருக்குத் திசை பிடிபடவில்லை. தாளை இரண்டு தடவை திருப்பிப் போட்டார். நான் விரலால் காட்டினேன். சிவப்பு உன் பாகம், நீலம் என் பாகம் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மெசின் இன்னா காட்டுதோ அதான். நீ மேற்கால எடுத்துக்க. எனுக்குக் கிழக்காலயே போதும்.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மோட்டார் போட வேண்டும் என்று வெளியே போய்விட்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அன்றைக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டவர், பஸ் வருவதற்கு முன்பே திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. சும்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பதிவு செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார், மேற்குப் பாதி எனக்கு வந்துவிடும். ஆனால் கூட்டேரிப்பட்டு தாண்டியாச்சா என்று கேட்க இனிமேல் ஆள் இருக்காது. அப்படியும் நான் போன் செய்யவில்லை. எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்தை மட்டும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வாரம் ஆய்வகத்தில் மழுக்கல் பற்றி நடத்தும்போது, யாருடைய கொல்லை என்று சொல்லாமல், அந்தப் படத்தையே திரையில் போட்டேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், இந்தப் பள்ளத்துல எறங்குனா எதுவரைக்கும் வரும்?” என்று கேட்டாள்.

நான் அளவுகளைத் திறந்தேன். மழுக்காத புள்ளிகளிலேயே அதிக ஆழம் ஒன்றேகால் அடி. முழங்காலுக்குக்கூட வராது என்று சொல்லும்போதே எனக்கு முகம் சுட்டது. பக்கவாட்டில் அறுநூறு அடி நீளம். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்ததில் உயரம் நானூறு மடங்குக்கு மேல் ஊதியிருந்தது. அந்தப் பெண் மரியாதையாகவே கேட்டாள், அப்படியானால் படத்தில் அதை எழுதியிருக்க வேண்டாமா சார் என்று. வகுப்பு என்னைப் பார்த்தது. தேர் அலங்காரம் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்க முடியாது.

வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படத்தை முதலிலிருந்து செய்தேன். உயரத்தை உள்ளபடி வைத்தேன். கொல்லை சப்பாத்திக் கட்டை போட்டுத் தேய்த்தது போல ஆகிவிட்டது. குன்றும் இல்லை, கிணறும் இல்லை. அப்படியே விட்டால் எதுவுமே தெரியாது என்பதால் நூறு மடங்கு மட்டும் பெரிதாக்கி, அதைப் படத்தின் தலையிலேயே எழுதினேன். சிவப்பையும் நீலத்தையும் எடுத்துவிட்டு மண் நிறம் ஒன்றே கொடுத்தேன். பம்புசெட்டில் அண்ணன் நின்று பார்க்கும் இடத்திலிருந்து பார்ப்பது போல, மலை எதிரே வரும்படி கோணத்தைத் திருப்பினேன். கடைசியாக, மழுக்கிய பரப்பைக் கழற்றிவிட்டு, இருநூறு அளவுகளையும் குண்டூசி நட்டது மாதிரி தனித்தனியாக நிற்கவிட்டேன்.

மேற்குப் பாதி ஒரே சீராக இருந்தது. கிழக்குப் பாதி அப்படி இல்லை. கிழக்கு வரப்பிலிருந்து உள்நோக்கி மூன்று வரிசை, தெற்கு வடக்காக நூல் பிடித்தது போல நேராக, அரையடி உயர்ந்து நின்றன. அடுத்து ஒரு வரிசை பொசுக்கென்று தாழ்ந்திருந்தது. அதற்கு அப்பால் மறுபடி மூன்று வரிசை உயர்ந்து, பிறகு பழைய மட்டத்துக்கு இறங்கின. கோல் புதைந்ததால் இப்படி வராது. அண்ணனின் கவனக்குறைவாலும் வராது. பிழை இவ்வளவு நேர்கோட்டில் வரிசையாக வராது என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம். யாரோ வேலை செய்திருக்கிறார்கள். காலில் ஒட்டிய கறுப்பு மண் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அண்ணனைக் கூப்பிடத் தைரியம் இல்லை. அண்ணிக்குப் போன் போட்டேன். கிழக்குப் பாதியில் மண் அடித்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

“ஏழு வருசமா அந்த மனுசன் அதைத்தான் பண்ணிக்கினு இருக்காரு. ஏரியில தூர் வார்றாங்கன்னா தாலுக்கா ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு மொத ஆளா போய் நிப்பாரு. கோடைக்கு ஒரு பட்டை, நாப்பது லோடு வண்டலு. மேற்கால ஒரு கூடை மண்ணு உழுந்தது கிடையாது. அது தம்பி பாகம், பள்ளமா குடுத்தா நல்லாவா இருக்கும்னுவாரு. இப்போ வண்டலு ஏறி மேற்கைவிட அதுலதான் வெளைச்சலு. நீங்க படத்தை விரிச்சப்பவே நான் சொல்ல வந்தேன், அவருதான் உடல. ஒரு வார்த்தை வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல தம்பி?”

ஏழு கோடையாக அவர் நிரப்பியதை ஒரே ஒரு எண்ணை மாற்றி நான் மழுக்கிவிட்டேன். மழுக்கியதை அவரிடமே கொண்டுபோய் விரித்து, இது உன் பாகம், இது என் பாகம் என்று விரலால் வேறு காட்டியிருக்கிறேன். இவ்வளவு அசிங்கமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. மறுநாளே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், பஸ் ஏறும்போது ஒரு போன் பண்ணக் கூடாதா, வண்டி எடுத்துக்கொண்டு வந்திருப்பேனே என்றார். அதற்கு முன்னால் எதுவுமே நடக்காதது போல இருந்தது அந்தக் குரல். நான் தோலை ஒதுக்கிவிட்டுப் புதுப் படத்தைத் தரையில் விரித்தேன்.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை தாளைத் திருப்பவில்லை. பம்புசெட்டிலிருந்து பார்க்கிறது மாதிரி இருக்கிறதே என்று சொன்னவர், குண்டூசிகளின் மேல் மெதுவாக விரலை ஓட்டினார். கிழக்கு வரப்போரம் வந்ததும் விரல் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தப்பாக நினைத்துவிட்டேன் அண்ணா என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. படத்தில் அவருக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. முதல் பட்டை உன் பொண்ணு பிறந்த வருடம் போட்டது என்றார். அடுத்தது போர்வெல் தூர்ந்துபோன வருடம். அதற்கடுத்த வருடம் டிராக்டர் ஏரிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு பெரிய பேஜாராகிவிட்டது, அதை அண்ணி சொன்னாரா என்று கேட்டார். அப்படியே நாலாவது வரிசைக்கு வந்தார். என் முதல் படத்தில் கருநீலம் விழுந்த இடம் அதுதான். கிணறு போல இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்ட இடம்.

இது ஏன் இப்படித் தாழ்ந்திருக்கிறது, அந்த வருடம் மண் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் நான் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“மண்ணு கிடைச்சுது. அந்தக் கோடை பூரா நான்தான் உன்கூட புதுச்சேரியில இருந்தனே.”

சொல்லிவிட்டு விரலை அடுத்த வரிசைக்கு நகர்த்திக்கொண்டு போனார். எனக்குப் படம் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும் என்று மல்லாட்டைத் தோலைக் கூட்டி அள்ளுவது போலக் குனிந்தேன். அவர் பார்த்துவிட்டார். அண்ணியைக் கூப்பிட்டு, இவன் காலையில் ஒன்றும் தின்னாமல் வந்திருப்பான், இலையைப் போடு என்றார்.

சாப்பிடும்போது சொன்னேன், வரும் கோடையில் முதல் லோடு அந்த நாலாவது பட்டையில்தான், லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்று. அண்ணன் மோரை ஊற்றிக்கொண்டே யோசித்தார்.

“அது அப்படியே கிடக்கட்டும்டா. மழ தண்ணி முழுக்க அதுலதான் வடிஞ்சிக்கினு ஓடைக்குப் போவுது. அது இருக்கறதாலதான் உன் பாகத்துல காயி அழுவுறது இல்ல.”